பழைய காயா, புதுக்காயா?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வெங்காயச் சட்னி வேறு சட்னியாகிவிடும். அதே பல்லாரி (பெரிய வெங்காயம்), அதே காய்ந்த மிளகாய், அதே அளவு புளி, அதே நல்லெண்ணெய். வதக்குவதும் நான்தான், அரைப்பதும் நான்தான். ஆனாலும் இட்லிக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நிற்கும். நாக்கில் முதலில் ஓர் அசட்டுத் தித்திப்பு தெரியும், காரம் பின்னால் தனியாக வரும். ஆடியிலும் ஆவணியிலும் இதே சட்னி கரண்டியிலிருந்து விழ மறுத்துக் குவிந்து நின்றது. இனிப்பும் காரமும் புளிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டு மாதத்துக்குள் என்ன மாறிப்போனது என்பது வருடக்கணக்காக என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

மிளகாய் மாறியிருக்குமோ என்று கடையை மாற்றிப் பார்த்தேன். புளி புதிதாக இருக்குமோ என்று கறுத்த பழம்புளியாகத் தேடி வாங்கினேன். அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் அரைத்தேன். எதுவும் உதவவில்லை. மாமியாரிடம் கேட்டபோது, “மழைக்காலத்தில் எல்லாமே அப்படித்தான் இருக்கும், விடு” என்றார். அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மீதிப் பாதியைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. சமையல் புத்தகங்களைப் புரட்டினால் “வெங்காயம் – 2” என்றிருக்கும். தாராள மனமுள்ளவர்கள் “பெரிய வெங்காயம் – 2” என்று எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் அந்த வெங்காயத்தைப் பற்றி யாருக்கும் எந்த அக்கறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

இது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அரிசி வாங்கப் போனால் பழைய அரிசியா, புது அரிசியா என்று கேட்காத வீடு நம்மிடம் கிடையாது. புது அரிசி குழையும், பொங்கலுக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது என்பது சமைக்கவே தெரியாதவர்களுக்கும் தெரியும். ஆனால் தினமும் மூன்று வேளையும் கையில் எடுக்கிற வெங்காயத்துக்கு வயது உண்டு என்று பட்டணத்து அடுப்பங்கரையில் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உரி, நறுக்கு, வதக்கு, அவ்வளவுதான் பாடம்.

பட்டறைக் காய்

என் பெரியம்மா பெரம்பலூர் மாவட்டத்தில், செட்டிகுளத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறார். கரிசல் மண். சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மாற்றி மாற்றிப் போடுகிற ஊர். ஒரு பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோது புரட்டாசியில் ஊன்றிய வெங்காயத்தைப் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். தாளோடு கிடந்த அந்தக் குவியல் பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. இளஞ்சிவப்பில் தோல் மினுமினுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. நசுக்கினால் விரலில் சாறு ஒழுகியது. மதியக் குழம்புக்கு அதிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்தேன். பெரியம்மா என் முறத்தைப் பார்த்துவிட்டு, “அதைக் களத்திலேயே கொட்டிவிட்டு வா பாப்பா. பட்டறையில் போன வெள்ளாமைக் காய் அடியில் கொஞ்சம் கிடக்கிறது, அதை எடுத்து வா. இது தண்ணீர்க் காய். குழம்பு கூடி வராது” என்றார்.

பட்டறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லை அடுக்கி, அதன் மேல் கழிகளைப் பரப்பித் தரையிலிருந்து உயர்த்தி, பக்கவாட்டில் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்த ஒரு நீளமான கூடு அது. அடியிலும் பக்கத்திலும் காற்று புகுந்து வெளியேற வேண்டும், மழை மட்டும் புகக் கூடாது. விலை ஏறும் வரைக்கும், அல்லது அடுத்த பட்டத்துக்கு விதைக்காய் வேண்டும் வரைக்கும், சில மாதங்கள் வெங்காயம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். பெரியம்மா சொன்ன காய் ஆடி, ஆவணியில் எடுத்தது. கையை உள்ளே விட்டு அள்ளியபோது சருகு போலச் சலசலத்தது. களத்துக் காயைவிடச் சிறுத்திருந்தது. தோல் கறுஞ்சிவப்பாகி, காகிதம் போல் உதிர்ந்தது. கழுத்து நூலாகச் சுருங்கி இறுகியிருந்தது. பத்தில் ஒன்றிரண்டு அழுகியோ முளைவிட்டோ இருந்தன, அவற்றைப் பொறுக்கி ஒதுக்கினேன். அழகில்லாத அந்தக் காயை உரித்தபோதுதான் கண்ணில் நீர் கொட்டியது. களத்துக் காய் அந்த அளவுக்கு எரிக்கவில்லை.

அன்று மதியம் பெரியம்மா இரண்டையும் பயன்படுத்தினார், ஆனால் இடம் மாற்றி அல்ல. பட்டறைக் காய் முழுசு முழுசாக நல்லெண்ணெயில் வதங்கிக் கத்தரிக்காய்க் காரக்குழம்புக்குப் போனது. நான் களத்திலேயே கொட்டாமல் கொண்டு வந்திருந்த புதுக்காயைப் பொடியாக அரிந்து தயிரில் போட்டுப் பச்சடி செய்தார். இரண்டு நாள் கழித்துக் காலையில் பழைய சோற்றுக்கு வைத்ததும் புதுக்காய்தான். “பச்சையாகத் தின்னப் புதுசு, வேக வைக்கப் பழசு” என்று போகிற போக்கில் சொன்னார். அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே அல்ல. எனக்கு ஐப்பசிச் சட்னி அந்த இடத்தில் விளங்கிவிட்டது. என் வீட்டுக்கு வரும் பல்லாரியும் ஆவணி வரைக்கும் பழைய காயாக இருந்து, ஐப்பசியில் புதுக்காயாக மாறிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்க வழியில்லாதபடி கடைக்காரரின் கூடை அதே கூடையாக இருந்தது.

தண்ணீர் வெளியேறும் வரை

பெரிய வெங்காயத்தின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வாணலியில் நடப்பது முழுக்க அந்தத் தண்ணீரை வெளியேற்றும் வேலை. தண்ணீர் இருக்கும் வரைக்கும் வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த நிறத்தோடு வருகிற வாசனையும் அதற்கு மேல் சூடேறினால்தான் பிறக்கும். புதுக்காயை வாணலியில் போட்டால் அது வதங்குவதற்கு முன் தன் நீரிலேயே வேகிறது. பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். வெந்துபோன, வதங்காத வெங்காயத்தை அரைத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் என் ஐப்பசிச் சட்னி. பட்டறையில் கிடந்த காய் இந்த வேலையில் ஒரு பங்கைக் காற்றிடம் முன்பே முடித்துக்கொண்டு வருகிறது.

தண்ணீர் மட்டும் கதை அல்ல. வெங்காயம் தன் உணவில் பெரும்பங்கைப் பிரக்டான் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளாகச் சேமித்து வைத்திருக்கிறது. உருளைக்கிழங்கு மாவாகச் சேர்ப்பதை இது இப்படிச் சேர்க்கிறது. சேமிப்பில் நாள் செல்லச் செல்ல, முளைவிடும் காலம் நெருங்க நெருங்க, அந்தச் சங்கிலிகள் உடைந்து எளிய சர்க்கரைகளாகின்றன. முளைக்குச் சோறு வேண்டுமே. நன்றாகச் சிவக்க எளிய சர்க்கரை தேவை. எனவே பழைய காய் சீக்கிரம் சிவக்கிறது, கொஞ்சம் கவனம் தப்பினால் சீக்கிரம் கருகவும் செய்கிறது. முளைவிட்டே விட்டதென்றால் சதை தொய்ந்துவிடும். நடுவில் பச்சைக் குருத்தைப் பிளந்து எடுத்துவிட்டு அதே நாளில் சமைத்துவிடலாம், அதற்கு மேல் வைத்திருப்பதில் பயன் இல்லை.

இது தெரிந்த பிறகு புதுக்காயைச் சமைக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். அகலமான வாணலி, மூடி கிடையாது, ஆரம்பத்திலேயே உப்பு. உப்பு நீரை வெளியே இழுக்கிறது, அகலமான பாத்திரம் அதை ஆவியாக விடுகிறது. குழிந்த சிறிய பாத்திரத்தில் குவித்துப் போட்டால் மேலே இருக்கும் வெங்காயத்துக்குக் கீழே இருப்பதன் ஆவி ஏறிக்கொண்டே இருக்கும். பக்கோடாவுக்கு இது தலைகீழ். அரிந்த வெங்காயத்தில் உப்பைப் பிசறி வைத்து, அது விடுகிற நீரிலேயே கடலை மாவைச் சேர்த்துப் பிசைவதுதான் வழக்கம். புதுக்காய் தேவைக்கு மேல் நீர் விடும். அதைச் சமாளிக்க மாவை அதிகமாகக் கொட்டுகிறோம், பக்கோடா கல்லாகிறது. மழைக்காலத்தில்தான் பக்கோடா தின்ன ஆசை வரும், மழைக்காலத்தில்தான் வெங்காயம் அதற்குத் தோதாக இருக்காது. அந்த மாதங்களில் நான் வெங்காயத்தை அரிந்து தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பிறகு உப்புப் போடுகிறேன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புளிப்பு சேர்ந்த நீரில் காய்கறி குழைவது மட்டுப்படும். வெங்காயம் முக்கால் பதத்தில் இருக்கும்போது புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால், பிறகு எவ்வளவு கொதித்தாலும் கடிபடும்போது ஒரு நறுக்கு மீதி இருக்கும். வத்தக்குழம்பில் முழு வெங்காயம் உருக்குலையாமல் நிற்பதற்கும் இதே புளிப்புதான் காவல். எனவே எந்தப் பதம் வேண்டுமோ அதைப் புளிக்கு முன்னாலேயே அடைந்துவிட வேண்டும். பெரியம்மா கரண்டியின் முதுகால் ஒரு காயை அழுத்திப் பார்த்து, அது அமுங்கிய பிறகே புளியைக் கரைக்கப் போனார்.

கத்தி சொல்லும் சுவை

ஒரே காய் வெட்டுக்கு வெட்டு வேறு சுவையாவதை நாம் எல்லோரும் நாக்கால் அறிவோம். காரணமும் எளிமையானதுதான். உரித்த வெங்காயத்தை முகர்ந்தால் பெரிதாக வாசனை இருக்காது. அதன் கந்தகச் சத்துகள் ஓர் அறையிலும், அவற்றைச் சிதைக்கும் நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி இறங்கிச் சுவரை உடைக்கும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன, நெடி பிறக்கிறது. கண்ணீரை வரவழைக்கும் வாயுவை உண்டாக்கத் தனியாக இன்னொரு நொதியே இருக்கிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2002இல் கண்டறிந்து சொன்னார்கள். எவ்வளவு பொடியாக அரிகிறோமோ அவ்வளவு அறைகள் உடைகின்றன. தட்டினால் இன்னும் அதிகம். மிக்சியில் பச்சையாக அரைத்தால் ஒன்றுவிடாமல் எல்லாம் உடைந்து கசப்பே ஏறிவிடும்.

மறுபக்கம், சூடு இந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். வெட்டாத சின்ன வெங்காயத்தை முழுசாகச் சாம்பாரில் போட்டால் அறைகள் உடைவதற்கு முன்பே நொதி செத்துவிடுகிறது. நெடி பிறக்கவே இல்லை, உள்ளே இருந்த இனிப்பு மட்டும் மிஞ்சுகிறது. சாம்பாரில் வெங்காயத்தைக் கடித்தவுடன் சூடாகத் தித்திப்பு பாய்வது இதனால்தான். அந்தத் தித்திப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். பல்லாரியைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சாம்பாரில் போடுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பல்லாரி இதழ் இதழாகக் கழன்று குழம்பில் மிதக்கும், எதையும் தன்னுள் பிடித்து வைத்திருக்காது. பருப்பின் கனத்துக்கு நடுவே ஒரு வாய் இனிப்பு வேண்டும் என்பதற்காக அங்கே வைக்கப்பட்ட காய் சின்ன வெங்காயம். முழுசாக நிற்க முடியாத வெங்காயத்துக்குச் சாம்பாரில் வேலை இல்லை.

இப்படிச் சொல்வதால் பல்லாரியைத் தாழ்த்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊத்தப்பத்துக்கும் முட்டைப் பொரியலுக்கும் அதன் நீரும் மென்மையும்தான் அழகு. சப்பாத்திக்குச் செய்கிற குருமாவில் சின்ன வெங்காயம் தன் நெடியால் சோம்பையும் பட்டையையும் அமுக்கிவிடும். பல்லாரி ஒதுங்கி வழிவிடும். நீளவாக்கில், அதாவது காம்பிலிருந்து வேர் வரைக்கும், மெல்லியதாக அரிந்தால் அது வதங்கிய பிறகும் இழையாக நிற்கும். குறுக்கே வட்டமாக அரிந்தது சீக்கிரம் குழைந்து மசாலாவோடு கரைந்துவிடும். பிரியாணிக்கு முன்னது, குருமாவுக்குப் பின்னது. திண்டுக்கல்லில் மட்டும் பிரியாணிக்கும் சின்ன வெங்காயத்தை அரைத்து ஊற்றுவார்கள், சீரகச் சம்பாவின் சின்ன மணிக்கு அந்தக் காரம் பொருந்திப்போகிறது. பள்ளிபாளையம் கோழி வறுவலில் சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும்தான் மசாலாவே. கொங்குப் பகுதியின் அரிசிம்பருப்புச் சாதத்திலிருந்து சின்ன வெங்காயத்தை எடுத்துவிட்டால் அது வெறும் பருப்புச் சோறு. வெங்காயம் விளைகிற ஊர்களின் சமையல் வெங்காயத்தின் குணத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

கூடைக்கு முன்னால்

இப்போது நான் கடையில் கேட்கிற முதல் கேள்வி விலை அல்ல. “பழசா, புதுசா?” என்றுதான் கேட்கிறேன். கோயம்பேட்டில் இந்தக் கேள்விக்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் பழசுக்கு ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலை என்று தனித்தனிக் குவியலே இருக்கும், பழசின் விலை கூடுதலாக இருக்கும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் யோசிக்காமல் பழசை அள்ளுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தெருக்கடைக்கு வரும்போது அழிந்துவிடுகிறது. தெருவில் மினி வேனில் ஒலிபெருக்கி கட்டி, நூறு ரூபாய்க்கு இத்தனை கிலோ என்று கூவிக்கொண்டு வருவது பெரும்பாலும் புதுக்காய். அது மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரத்துக்குள் தின்று தீர்க்க வேண்டிய சரக்கு. ஐந்து கிலோ வாங்கிப் பிளாஸ்டிக் பையோடு அலமாரிக்கடியில் தள்ளிவிட்டால் பாதி நமக்கு, பாதி குப்பைக்கு.

கேட்க ஆள் இல்லாவிட்டால் கையே சொல்லும். கழுத்தை இரு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இறுகிச் சுருங்கியிருந்தால் நன்றாகக் காய்ந்த காய். தடித்துப் பச்சையாக அமுங்கினால் அது நிற்காது. தோல் ஒன்றிரண்டு அடுக்கு சருகாகிக் கழல வேண்டும், சதையோடு ஒட்டியிருக்கக் கூடாது. தோலுக்குள் கரிப்பொடி பூசியது போலக் கறுப்பு இருந்தால் அது பூஞ்சை. மேல் தோலோடு நின்றிருந்தால் கழுவி உரித்துவிடலாம், சதைக்குள் இறங்கியிருந்தால் எறிந்துவிட வேண்டும். சின்ன வெங்காயத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. காயை ஊன்றி எடுத்தது கொத்தாக, ஒட்டிப் பிறந்த பக்கம் தட்டையாக இருக்கும். விதையிலிருந்து நாற்று விட்டு எடுத்தது தனித்தனியாக, உருண்டையாக, பெரிதாக இருக்கும். உரிக்க எளிது என்று பலர் பின்னதைத் தேடி வாங்குகிறார்கள். நான் குழம்புக்குக் கொத்துக்காயைத்தான் எடுப்பேன், நெடி அதில்தான் இருக்கிறது.

விலைக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. நாட்டின் பெரிய வெங்காய விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பங்குனி, சித்திரையை ஒட்டி அறுவடையாகும் ரபி பருவக் காய். வெயிலில் நன்றாகக் காய்ந்து கிடங்குக்குப் போவது அதுதான். மகாராஷ்டிரத்தின் லாசல்கான் சந்தையிலிருந்து நாடெங்கும் மாதக்கணக்கில் இதுவே வந்துகொண்டிருக்கும். ஐப்பசி வாக்கில் அது பெரும்பாலும் தீர்ந்துபோகும். அதன் பிறகு வரும் மழைக்காலக் காய், கர்நாடகத்திலிருந்தும் கர்நூலிலிருந்தும் நாசிக்கிலிருந்தும் வருவது, நீர் மிகுந்தது, வைத்திருக்கத் தாங்காதது. பழசு தீர்ந்து புதுசு வந்து சேரும் அந்த இடைவெளியில் மழை கூடுதலாகப் பெய்துவிட்டால் விலை எகிறிவிடும். 2019 செப்டம்பரிலும், 2020 செப்டம்பரிலும், 2023 டிசம்பரிலும் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மூன்றும் ஒரே இடைவெளியைச் சுற்றி வந்தவை. 2019 டிசம்பரில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எகிப்திலிருந்து வெங்காயம் வந்தது நினைவிருக்கும். கறுஞ்சிவப்பில், கை கொள்ளாத அளவில், தடித்த இதழோடு இருந்தது. காரம் பேருக்குத்தான் இருந்தது. அதை வாங்கிப் போனவர்கள் அடுத்த முறை வாங்கவில்லை என்று எங்கள் தெருக் கடைக்காரர் வருத்தப்பட்டார்.

ஏற்றுமதித் தடை வந்தால் பட்டணத்தில் நாம் நிம்மதி அடைகிறோம். பட்டறை போட்டுக் காத்திருந்தவருக்கு அன்றே விலை விழுகிறது. பெரியம்மாவின் ஊரில் திருகல் நோய் வந்த வருடம் தாள் பம்பரமாக முறுக்கிக்கொண்டு கிழங்கு கட்டாமல் போனது. விதைக்காய்க்குப் போட்ட பணமே வரவில்லை. தப்பிப் பிழைத்ததைப் பட்டறையில் வைத்து, அழுகியதைப் பொறுக்கி எறிந்து, காய்ந்து எடை குறைவதையும் தாங்கிக்கொண்டு, பழைய காயாக அவர்கள் நமக்குத் தருகிறார்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் அதைத் தருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் கோபம்கூட வருகிறது.

உரிப்பது யார்?

சின்ன வெங்காயத்தைப் பற்றி உயர்வாகப் பேசுகிற ஆண்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். கிராமத்துக் குழம்பு, அம்மா கைமணம், அந்தச் சின்ன வெங்காயச் சுவை என்று நீளும். அந்தப் பேச்சில் உரித்தவர் ஒருபோதும் வரமாட்டார். ஒரு குழம்புக்கு இருபது, முப்பது காய். ஒவ்வொன்றுக்கும் தலை கிள்ளி, வேர் கிள்ளி, தோல் நீக்கி, நகக்கண்ணில் சாறு ஏறி எரிந்து, அதன் பிறகு பாத்திரம் தேய்த்து. என் அம்மா மாலை முழுவதும் முறத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து மறுநாளைக்கு உரித்து வைப்பார். நடுத்தர வீடுகளின் அன்றாடச் சமையலிலிருந்து சின்ன வெங்காயம் மெல்ல மெல்ல நழுவிப் பல்லாரி அந்த இடத்துக்கு வந்ததற்கு விலையை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். பெண்கள் வேலைக்குப் போனார்கள், உரிக்க வேறு யாரும் முன்வரவில்லை. பல்லாரி அவர்களுக்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதை யாரும் குறை சொல்ல எனக்குச் சம்மதம் இல்லை.

உரித்த வெங்காயம் பொட்டலத்தில் கிடைக்கிறதே என்பார்கள். சந்தைகளில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு உரிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகள் அவர்கள் கையை நம்பித்தான் ஓடுகின்றன. அன்று உரித்து அன்று சமைத்தால் நல்லதுதான். தோல் போன காய் குளிர்பெட்டியில் நாள்கணக்காகக் கிடந்தால் மேலே பிசுபிசுப்பு கட்டி, ஒரு புளித்த வாடை ஏறிவிடும். வதக்கினாலும் அது போகாது. எங்கள் வீட்டில் வேறு ஏற்பாடு. ஞாயிறு காலையில் என் கணவரும் மகனும் உரிக்கிறார்கள். வெங்காயத்தைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப் போட்டால் தோல் நெகிழ்ந்து விரலிலேயே கழன்றுவிடும், கண்ணெரிச்சலும் குறையும். பட்டறைக் காய் என்றால் ஊறவும் வேண்டாம், சாக்கில் போட்டு இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் பாதித் தோல் உதிர்ந்துவிடும். உரிக்கத் தொடங்கிய பிறகு என் கணவர் குழம்பில் வெங்காயத்தை ஒதுக்கி வைப்பதை நிறுத்திவிட்டார். மகன் கடையில் கழுத்தை அழுத்திப் பார்க்கிறான்.

சித்திரை வெயில்

புதுக்காய் மட்டுமே கிடைக்கிற மாதங்களில் குழம்புக்கு என்ன செய்வது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “அதற்குத்தானே வடகம் போடுகிறோம்” என்றார். தாளிப்பு வடகத்தை வாசனைப் பொருளாக மட்டும் நினைத்திருந்த எனக்கு அது புதிய செய்தி. வெயில் கொளுத்துகிற சித்திரையில் சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, பூண்டையும் தட்டிப் போட்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை கலந்து, ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைப்பது. பிழிந்த நீரை வீணாக்காமல் மாலையில் அதே நீரில் உருண்டைகளை உதிர்த்துப் பிசறி மறுபடி பிடித்து வைப்பார்கள். நீர் வற்றி உருண்டை கறுக்கிற வரைக்கும் இது தொடரும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பானையில் கட்டி வைத்தால் அடுத்த சித்திரை வரை வரும். வெங்காயத்தின் வயதை அதன் எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்துகிற வேலை அது.

என் மாடியில் அந்த அளவுக்கு இடம் இல்லை. இரண்டு தட்டு மட்டும் போடுகிறேன், அது மூன்று பேருக்குப் போதும். கார்த்திகை, மார்கழியில் கடையில் பழசு இல்லை என்று கைவிரித்துவிட்டால், கிடைக்கிற புதுக்காயையே குழம்புக்கு வாங்கிக்கொள்கிறேன். அகல வாணலியில் உப்புப் போட்டு நீர் வற்ற வதக்கி, காய் அமுங்கிய பிறகு புளி ஊற்றி, குழம்பு கெட்டிப்பட்டு எண்ணெய் மேலே மிதக்கும்போது, நெல்லிக்காய் அளவு வடகத்தை உதிர்த்து நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டுகிறேன். கீரை மசியலுக்கும் அதே அளவு. மீன் குழம்பாக இருந்தால் வடகத்தை இரண்டு மடங்காக எடுத்து, கடைசியில் இல்லாமல் முதல் தாளிப்பிலேயே போட்டுவிட வேண்டும்.